ஒரு ஸ்கேன் நார்மல், அடுத்த ஸ்கேனில் யூரிட்ரோசீல்: எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கி ஒரு முறை சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் புரியும். எட்டாம் மாத ஸ்கேனில், வயிற்றில் இருந்த குழந்தையின் இடது கிட்னியில் 12 மி.மீ. அளவுக்கு நீர் கோத்திருக்கிறது, யூரிட்டரும் விரிந்திருக்கிறது என்றார்கள். பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே ஸ்கேன் எடுத்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள், நிம்மதியாக வீட்டுக்குப் போனீர்கள். ஆறாவது வாரம் வேறு இடத்தில் எடுத்தபோது இடது பக்கம் டியூப்ளெக்ஸ் கிட்னி (ஒரே கிட்னிக்குள் மேல், கீழ் என்று இரண்டு பாதி), அதன் மேல் பாதியில் நீர்க்கோப்பு, மூத்திரப்பைக்குள் 18 மி.மீ. அளவில் ஒரு யூரிட்ரோசீல் (கிட்னியிலிருந்து வரும் குழாயின் நுனி பைக்குள் பலூன் போல உப்புவது) என்று வந்திருக்கிறது. இப்போது எம்.சி.யூ. (பைக்குள் மருந்து நிரப்பி எக்ஸ்ரேயில் பார்க்கும் டெஸ்ட்) எடுக்கச் சொல்கிறார்கள். முதலில் பார்த்தவர் கோட்டை விட்டாரா, ஸ்கேனிலேயே தெரிந்த பிறகு இன்னொரு டெஸ்ட் எதற்கு, மூத்த பையனுக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வி தனி. முதல் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று படுகிறது: அல்ட்ராசவுண்ட் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

நான் குழந்தைகளுக்கு அதிகமாக ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட். உங்கள் குழந்தையின் படங்களை நான் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டிலிருந்து நீங்கள் எடுத்து எழுதிய வரிகளை வைத்துத்தான் பேசுகிறேன். ஆபரேஷன் வேண்டுமா, எப்போது என்பதைக் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர்தான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிட மாட்டேன். படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். கிட்னியிலிருந்து பைக்கு இறங்கும் குழாய் யூரிட்டர், பையிலிருந்து வெளியே போகும் வழி யூரித்ரா. உங்கள் ரிப்போர்ட்டிலும் இந்தப் பெயர்கள்தான் இருக்கும், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்த மறுநாள் ஸ்கேன். பிறந்த குழந்தை முதல் இரண்டு நாள் மிகக் குறைவாகத்தான் சிறுநீர் போகும். பால் இன்னும் நன்றாகச் சுரந்திருக்காது, குழந்தை குடிப்பதும் கொஞ்சம்தான், கிட்னி வடிகட்டும் வேகமும் அப்போதுதான் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கும். நீர் தேங்கி நிற்பது ஸ்கேனில் தெரிய வேண்டுமானால் முதலில் நீர் சுரக்க வேண்டும் அல்லவா? உண்மையிலேயே அடைப்பு இருக்கும் கிட்னிகூட அந்த இரண்டு நாளில் ஒட்டிப்போய் ஒழுங்காகத் தெரியலாம். அதனால்தான் கர்ப்பத்திலேயே விரிவு தெரிந்த குழந்தைக்கு 48 மணி நேரம் கழித்து எடுங்கள் என்கிறோம். பனிக்குட நீர் குறைந்திருந்த குழந்தை, இரண்டு கிட்னியும் மோசமாக வீங்கியிருக்கும் குழந்தை, இருப்பதே ஒரு கிட்னி என்ற குழந்தை, யூரித்ராவில் அடைப்பு சந்தேகப்படும் ஆண் குழந்தை, இவர்களுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது, முதல் நாளே பார்க்க வேண்டும். மற்ற யாருக்காவது முதல் நாளில் 'நார்மல்' என்று வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. 4 முதல் 6 வாரத்துக்குள் இன்னொரு ஸ்கேன் கட்டாயம்.

நம் ஊரில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார்கள், மறுபடி ஸ்கேனுக்கு வர சிலருக்கு நூறு கிலோமீட்டர் பஸ் பயணம், அதனால் கிளம்புமுன் எடுத்துவிடலாம் என்று நினைப்பது எனக்குப் புரிகிறது. எடுத்ததில் தவறில்லை. ஆனால் 'ஆறு வாரத்தில் மறுபடி பார்க்கவும்' என்று ஒரு வரி அந்த ரிப்போர்ட்டில் இருந்திருக்க வேண்டும். அது இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நீங்களாகவே திரும்பப் போனது நல்ல காரியம்.

ஆக, நீர்க்கோப்பு தெரியாமல் போனதற்குச் சிறுநீர் குறைவைக் காரணமாகச் சொல்லலாம். யூரிட்ரோசீல் தெரியாமல் போனதற்கு அது ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அது என்ன, ஏன் வருகிறது என்று சொன்னால்தான் இது விளங்கும்.

கரு வளரும்போது ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு மொட்டு கிளம்பி மேலே போய்க் கிட்னியை உருவாக்குகிறது, அந்த மொட்டின் தண்டுதான் யூரிட்டர் ஆகிறது. சில குழந்தைகளுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு மொட்டு கிளம்பிவிடும். அப்போது ஒரு கிட்னிக்குள் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு அறை அமைப்பும் இரண்டு யூரிட்டரும் வரும். இதுதான் டியூப்ளெக்ஸ். இரண்டு யூரிட்டரும் வழியிலேயே ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது, பலர் வாழ்நாள் முழுக்க அது இருப்பதே தெரியாமல் இருந்துவிடுவார்கள். இரண்டும் தனித்தனியாகப் பைக்கு வந்தால் ஒரு விசித்திரம் நடக்கும்: மேல் பாதியின் யூரிட்டர் பையில் கீழே, நடுக்கோட்டை ஒட்டி வந்து திறக்கும், கீழ்ப் பாதியின் யூரிட்டர் மேலே, வெளிப்பக்கமாகத் திறக்கும். வைகர்ட் - மேயர் விதி என்று இதைச் சொல்வார்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் குறைவு. இடம் மாறித் திறப்பதால் மேல் பாதியின் குழாய் அடைபட வாய்ப்பு அதிகம். கீழ்ப் பாதியின் குழாய் பைச் சுவருக்குள் போதிய நீளம் ஓடாமல் திறப்பதால் அதில் சிறுநீர் பின்னோக்கி ஏற வாய்ப்பு அதிகம். யூரிட்ரோசீல் என்பது யூரிட்டரின் கடைசித் துண்டு, வாய் சிறுத்துப்போனதால், பைக்குள் பலூன் போல உப்பி நிற்பது. குழந்தைகளிடம் காணப்படுவதில் 10-இல் 8 இப்படி டியூப்ளெக்ஸின் மேல் பாதியைச் சேர்ந்தவை. பெண் குழந்தைகளிடம்தான் இது பல மடங்கு அதிகம். உங்கள் ரிப்போர்ட்டில் மேல் பாதி வீக்கமும், அதே பக்கத்தில் யூரிட்ரோசீலும் சேர்ந்து வந்திருப்பது இந்த விதியோடு அப்படியே பொருந்துகிறது. அதனால்தான் படத்தைப் பார்க்காமலேயே இரண்டாவது ரிப்போர்ட் சரியாக இருக்கும் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

இந்தப் பலூனின் சுவர் மிக மெல்லியது. பை நிறைந்து உள்ளே அழுத்தம் ஏறும்போது அது அமுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், சில சமயம் உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பி, பைச் சுவரிலிருந்து வெளியே புடைத்த ஒரு டைவர்டிகுலம் மாதிரிகூடத் தெரியும். பை சுத்தமாகக் காலியாக இருந்தால் வேறு சிக்கல்: யூரிட்ரோசீல் பெரிதாக இருந்தால் அதுவே பை என்று நினைத்து அளந்துவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. பாதி நிறைந்த பைதான் இதைப் பார்க்க நல்ல நேரம். கறுப்பாகத் தெரியும் சிறுநீருக்குள் மெல்லிய வெள்ளைக் கோடாக ஒரு வட்டம், அதற்குள்ளும் கறுப்பு, அந்த வட்டத்தின் பின்னாலிருந்து விரிந்த யூரிட்டர் ஒன்று நேராக வந்து அதற்குள் நுழைவது, இவ்வளவும் ஒரே படத்தில் கிடைத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சில நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால் யூரிட்டர் சுருங்கும்போது அந்த வட்டம் பெரிதாகி மறுபடி சிறுப்பதையும் காணலாம்.

குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கும்போது கிட்னியில் தொடங்கக் கூடாது, பையில் தொடங்க வேண்டும் என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். காரணம் எளிது. சில்லென்ற ஜெல்லை வயிற்றில் வைத்த நொடியிலேயே பச்சைக் குழந்தை சிறுநீர் போய்விடும். அப்புறம் பார்க்கப் பையில் ஒன்றும் இருக்காது. அதனால் ஜெல் பாட்டிலை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு, குழந்தையைத் தாயின் மடியிலோ கைப்பக்கத்திலோ வைத்து, டயப்பரை முழுக்கக் கழற்றாமல் சற்றே இறக்கி, முதல் படம் பையின் குறுக்குவெட்டாக எடுக்க வேண்டும். சுவரின் தடிமன், உள்ளே ஏதேனும் தெரிகிறதா, பைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் யூரிட்டர் தெரிகிறதா. இதை முடித்துவிட்டு கிட்னிக்குப் போகலாம். குழந்தை சிறுநீர் போனபின் மறுபடி ஒரு முறை பைக்கும் கிட்னிக்கும் வர வேண்டும், ஏனென்றால் பை நிறைந்திருந்தபோது தெரிந்த விரிவு காலியானதும் காணாமல் போகலாம். இத்தனையும் செய்ய நேரம் பிடிக்கும். கூட்டம் நிறைந்த சென்டரில் ஐந்து நிமிடத்தில் கிட்னி இரண்டையும் அளந்து அனுப்பிவிட்டால் யூரிட்டரும் பையும் சார்ந்த கோளாறுகள்தான் முதலில் நழுவும். உங்கள் முதல் ஸ்கேனில் நடந்தது இதுவா, காலிப் பையா, நிறைந்த பையில் அமுங்கிப்போனதா என்பதைப் படங்கள் இல்லாமல் தீர்மானிக்க முடியாது. அந்த ரிப்போர்ட்டில் பையைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள், ஓரளவு புரியும்.

சரி, இப்போது உறுதியானவை எவை. கிட்னி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா, சதைப்பகுதி மெலிந்திருக்கிறதா, யூரிட்டர் விரிந்திருக்கிறதா, பைச் சுவர் தடித்திருக்கிறதா, பைக்குள் யூரிட்ரோசீல் இருக்கிறதா. கவனமாக எடுத்த ஸ்கேனில் இவற்றை நம்பலாம். குழந்தையின் உடம்பு மெல்லியது என்பதால் அதிக அதிர்வெண் கொண்ட ப்ரோப் வைத்துப் பெரியவர்களிடம் கிடைக்காத தெளிவில் பார்க்க முடியும். இங்கும் ஒரு பொறி உண்டு: பச்சைக் குழந்தையின் கிட்னியில் பிரமிடுகள் என்னும் பகுதிகள் இயல்பாகவே கறுப்பாகத் தெரியும், பெரியவர்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நீர்க்கோப்பு மாதிரி, சில சமயம் கட்டிகள் மாதிரி தோன்றும். அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வட்ட வரிசையில் நிற்கும், நடுவில் சிறுநீர் வந்து சேரும் அறையான பெல்விஸோடு சேராது. நீர் கோத்த அறைகளென்றால் பெல்விஸோடு இணைந்திருக்கும். டியூப்ளெக்ஸின் வீங்கிய மேல் பாதியும் இப்படி ஏமாற்றும். கிட்னியின் உச்சியில் ஒரு நீர்க்கட்டி, அல்லது கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. அந்தக் 'கட்டி'யைக் கீழ்நோக்கித் தொடர்ந்து போனால் யூரிட்டராக நீண்டு பைக்குப் பின்னால் வந்து சேரும்.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பெற்றோர் மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார்கள். பெல்விஸின் முன்பின் விட்டம் 28 வாரத்துக்கு முன்பு 4 மி.மீ.க்குள், அதற்குப் பிறகு 7 மி.மீ.க்குள், பிறந்த பிறகு 10 மி.மீ.க்குள் இருந்தால் இயல்பு என்று 2014-இல் 8 மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து அமெரிக்காவில் சிறுநீர்ப்பாதை விரிவுக்காக வகுத்த யு.டி.டி. வகைப்பாடு சொல்கிறது. ஆனால் அந்த வகைப்பாடே எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. வெளி அறைகள் விரிந்ததா, சதை மெலிந்ததா, யூரிட்டர் விரிந்ததா, பையில் கோளாறா என்று சேர்த்துப் பார்க்கிறது. பையில் யூரிட்ரோசீல் இருந்தால் விட்டம் எவ்வளவாக இருந்தாலும் மேல் வகுப்பான பி3-க்குப் போய்விடும். உங்கள் ரிப்போர்ட்டில் பி3 என்று இருப்பது இதனால்தான். தொடர்ந்து கவனிக்க வேண்டிய அளவை அது சொல்கிறது. கிட்னி கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதே குழந்தையை ஒரே நாளில் மல்லாத்தி அளந்தால் ஒரு எண், குப்புற அளந்தால் வேறு எண், பை நிறைந்தால் இன்னொன்று வரும். 11 மி.மீ. அடுத்த மாதம் 13 ஆனால் மோசமாகிவிட்டது என்று பதற வேண்டாம். அறைகள் புதிதாக விரிந்தால், சதை மெலிந்தால் அதுதான் கவனிக்க வேண்டிய மாற்றம். யூரிட்டரின் அளவு இன்னும் நிலையற்றது. அது புழு நெளிவது போல் சுருங்கி விரிந்துகொண்டே இருப்பதால் ஒரு நொடி 4 மி.மீ., அடுத்த நொடி 8 மி.மீ. காட்டும். இயல்பான குழந்தையில் பெரும்பாலும் யூரிட்டர் கண்ணுக்கே படாது. 7 மி.மீ.க்கு மேல் என்றால் மெகாயூரிட்டர் என்கிறோம்.

இனி அல்ட்ராசவுண்டால் சொல்ல முடியாதவை. அது வடிவத்தைக் காட்டும், ஓட்டத்தைக் காட்டாது. இதைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பையிலிருந்து சிறுநீர் யூரிட்டருக்குள் பின்னோக்கி ஏறுகிறதா, அதாவது ரிஃப்ளக்ஸ் இருக்கிறதா என்பதை சாதாரண அல்ட்ராசவுண்ட் நம்பகமாகச் சொல்லாது. விரிவு இருந்தும் ரிஃப்ளக்ஸ் இல்லாமல் இருக்கலாம். ஒரு விரிவும் இல்லாத கிட்னியில் கணிசமான ரிஃப்ளக்ஸ் இருக்கவும் கூடும். ஸ்கேன் நார்மல், ஆகவே ரிஃப்ளக்ஸ் இல்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் யூரிட்டர் வாயிலிருந்து சிறுநீர் பீய்ச்சுவது நிறத்தில் தெரியும், அழகாக இருக்கும், ஆனால் பச்சைக் குழந்தையிடம் அது தெரியாமல் போவது சகஜம். தெரியவில்லை என்பதை வைத்து அடைப்பு என்று முடிவு கட்ட முடியாது. கிட்னியின் மேல் பாதி வேலை செய்கிறதா, இரண்டு கிட்னியும் வேலையை எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதையும் படத்தைப் பார்த்து ஊகிக்கலாம், அளக்க முடியாது. அதற்கு டி.எம்.எஸ்.ஏ. போன்ற நியூக்ளியர் ஸ்கேன் வேண்டும்.

எம்.சி.யூ. கேட்டிருப்பது இதற்காகத்தான். யூரிட்ரோசீல் உள்ள டியூப்ளெக்ஸில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதே பக்கத்துக் கீழ்ப் பாதியில் ரிஃப்ளக்ஸ் இருக்கும், சிலருக்கு எதிர்ப்பக்கமும் இருக்கும். இது தெரியாமல் மேல் பாதியை மட்டும் வைத்து அறுவை நிபுணர் திட்டம் போட முடியாது. மெல்லிய ட்யூபைப் பைக்குள் விட்டு, கான்ட்ராஸ்ட் மருந்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் போகும்போது எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். குழந்தை அழும், பத்துப் பதினைந்து நிமிடம் உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு விஷயம் மட்டும் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: யூரிட்ரோசீல் இருக்கிறது என்பதை. மருந்து நிரம்பத் தொடங்கும் முதல் சில நொடிப் படங்களில்தான் அது நிழலாகத் தெரியும், பை நிறைந்துவிட்டால் அமுங்கி மறைந்துவிடும். சிறுநீரில் கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகு எடுப்பதே வழக்கம்.

கதிர்வீச்சு இல்லாமல் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். நுண்குமிழ்கள் கொண்ட மருந்தை அதே மாதிரி ட்யூப் வழியாகப் பைக்குள் செலுத்தி அல்ட்ராசவுண்டிலேயே ரிஃப்ளக்ஸைப் பார்க்கும் முறை இருக்கிறது. ஐரோப்பாவில் நெடுநாளாகச் செய்கிறார்கள், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 டிசம்பரில் குழந்தைகளுக்கு இதை அனுமதித்தது. ட்யூப் போடும் வேதனை இதிலும் உண்டு. நம்மிடம் மருந்தும் செய்து பழகியவர்களும் இருக்கும் இடங்கள் குறைவு, அதனால் எம்.சி.யூ.வே பொதுவான வழி. இப்போதைய டிஜிட்டல் கருவிகளில் கதிர்வீச்சு அளவு பழைய காலத்தைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது, அந்தப் பயத்தில் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் குழந்தைக்கு இல்லையென்றாலும், இதைப் படிக்கும் சிலருக்கு 'யூரிட்டர் மட்டும் விரிந்திருக்கிறது, பையில் ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட் இருக்கும். யூரிட்டரின் கடைசிச் சிறு துண்டு அசைவற்று இருப்பதால் அதற்கு மேலே விரிவது இதில் பெரும்பங்கு. ஸ்கேனில் விரிந்த குழாய் நெளிந்து நெளிந்து வந்து, பைக்குச் சற்று மேலே ஊசியாகக் குறுகுவது தெரியும். இவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில், சிலருக்கு இன்னும் தாமதமாக, தானாகவே சரியாகிவிடுகிறது. 10 மி.மீ.க்கு மேல் விரிந்தவை சரியாகும் வாய்ப்பு குறைவு என்பது பொதுவான அனுபவம். எது சரியாகும், எது ஆகாது என்று முதல் ஸ்கேனிலேயே பிரித்துச் சொல்ல எந்த அளவும் போதாது.

பெண் குழந்தைகளின் பெற்றோருக்கு மட்டும் இன்னொன்று. மேல் பாதி யூரிட்டர் சில சமயம் பைக்கே வராமல், யூரித்ராவிலோ பிறப்புறுப்பிலோ போய்த் திறக்கும். நன்றாகச் சிறுநீர் போய்ப் பழகிய நாலு வயதுப் பெண், ஒழுங்காக பாத்ரூம் போகிறாள், ஆனாலும் ஜட்டி எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்றால் இதைத்தான் நினைக்க வேண்டும். அந்த மேல் பாதி மிகச் சிறியதாக, சுருங்கிப்போய் இருந்தால் அல்ட்ராசவுண்டில் அகப்படாமல் போகலாம். ஸ்கேன் நார்மல் என்பதால் அந்தக் குழந்தையைத் திட்டியும் அடித்தும் வளர்த்த வீடுகள் உண்டு, கேட்கவே மனசு தாங்காது. எம்.ஆர். யூரோகிராம் (சிறுநீர்ப்பாதைக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்தால் பெரும்பாலும் பிடிபடும். ஆண் குழந்தைகளுக்கு இந்தத் திறப்பு எப்போதும் சிறுநீரை அடக்கும் தசைக்கு மேலேயே இருப்பதால் இப்படி ஒழுகாது.

ஆண் குழந்தைகளின் அவசரம் வேறு, யூரித்ராவுக்குள் சவ்வு போல இருந்து வழியை அடைக்கும் யூரித்ரா வால்வு. பை சுவர் தடித்து உப்பி, இரண்டு பக்கமும் யூரிட்டரும் கிட்னியும் விரிந்து, பைக்குக் கீழே யூரித்ராவின் பின்பகுதியும் விரிந்து சாவித்துவாரம் போன்ற தோற்றம் தரும். நிறைந்த பையின் சுவர் 3 மி.மீ.க்கு மேல், காலியான பையின் சுவர் 5 மி.மீ.க்கு மேல் என்றால் தடிப்பு. சாவித்துவாரத் தோற்றம் வேறு காரணங்களாலும் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை, எம்.சி.யூ.தான் உறுதி செய்யும். கர்ப்பத்தில் இது தெரிந்தால் ரிப்போர்ட்டில் நான் 'சிறுநீர்ப்பாதையின் கீழ்ப்பகுதியில் அடைப்பு' என்ற அளவில்தான் எழுதுவேன். வால்வு என்று எழுதினால் ஆண் என்று சொன்னதாகிவிடும், 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி கருவின் பாலினத்தை எந்த வழியிலும் தெரிவிக்கக் கூடாது. மறைக்கிறார்கள் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள், சிகிச்சைக்குத் தேவையான தகவல் எதுவும் அதனால் குறைவதில்லை.

கருவில் பையே தெரியவில்லை என்றாலும் உடனே பயப்பட வேண்டாம். கருவின் பை அரை மணி நேரத்துக்கு ஒரு முறை போல நிறைந்து காலியாகிக்கொண்டே இருக்கும், காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். பல முறை பார்த்தும் தெரியாமல், பனிக்குட நீரும் கிட்னியும் சரியாக இருந்தால், பை வயிற்றுச் சுவருக்கு வெளியே திறந்திருக்கும் எக்ஸ்ட்ரோஃபியை நினைப்போம். பிறந்த குழந்தையின் தொப்புள் வாரக்கணக்கில் காயாமல் நீர் கசிந்தால் தொப்புளுக்கும் பைக்கும் நடுவில் கருவில் இருந்த யூரேக்கஸ் என்னும் குழாய் மூடாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எம்.சி.யூ. முடியும்வரையிலும், அதற்குப் பிறகும், காரணம் தெரியாத ஜுரம் வந்தால் பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே சிறுநீர் சோதனையும் கல்ச்சரும் எடுக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குத் தோலில் பிளாஸ்டிக் பை ஒட்டிப் பிடிக்கும் சிறுநீரில் தோல் கிருமிகள் கலந்துவிடும், கல்ச்சருக்கு ட்யூப் மூலம் எடுத்ததுதான் நம்பிக்கையானது. தடுப்பாக ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள். குழந்தை முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போனாலோ, பிறப்புறுப்பில் ஊதா நிறமாக ஏதோ பிதுங்கித் தெரிந்தாலோ, யூரிட்ரோசீல் யூரித்ரா வழியாக இறங்கி அடைத்திருக்கலாம், அது இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காரியம். அடுத்த ஸ்கேனைக் கூடுமானவரை இந்த இரண்டாவது இடத்திலேயே, அதே கையால் எடுங்கள். போகுமுன் பால் கொடுத்துவிட்டுப் போங்கள். பழைய ரிப்போர்ட்டோடு படங்களையும், முடிந்தால் சி.டி.யாக, கையில் கொண்டு போங்கள், ஏனென்றால் ஒப்பிட எங்களுக்குப் படம்தான் வேண்டும்.

மூத்த பையனைப் பற்றி: அவனுக்குக் காரணமில்லாத ஜுரமோ சிறுநீர்த் தொற்றோ வந்ததில்லை, நன்றாக வளர்கிறான் என்றால் எம்.சி.யூ. எல்லாம் வேண்டாம். டியூப்ளெக்ஸும் ரிஃப்ளக்ஸும் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவது உண்மை. தங்கைக்கு ரிஃப்ளக்ஸ் இருப்பது உறுதியானால் அவனுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பது நியாயம். தொற்று ஏதும் வராத அண்ணன் அக்காக்களுக்கு அதற்கு மேல் எந்த அளவு தேட வேண்டும் என்பதில் நிபுணர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்த ஒரு ஸ்கேனோடு நிறுத்திக்கொள்வேன்.